ஃபோர்ட் கொச்சி பழைய வீட்டு ஹோட்டல்: எந்த ரூமைக் கேட்பது?

(இணைய மன்ற இழை. எழுதுகிறவர்களுக்குப் பெயர் அவரவர் ஊர்தான்.)

கொழிஞ்சாம்பாறை, 14 அக்டோபர் 2025

ஃபோர்ட் கொச்சியில ரெண்டு ராத்திரி, அக்டோபர் 31-ம் நவம்பர் 1-ம். நாங்க ரெண்டு பேர், அம்மா, எட்டு வயசுப் பொண்ணு. அம்மாவுக்கு முட்டுவலி. பிரின்சஸ் தெருவைச் சுத்தி பழைய டச்சு வீட்டை ஹோட்டல் ஆக்கினது ஏழெட்டு பார்த்து வெச்சிருக்கேன். ஒண்ணு 7,400 ரூபாய், இன்னொண்ணு 7,900. படத்துல எல்லாமே ஒண்ணுபோலத்தான்: வெள்ளைச் சுவர், சிவப்புத் தரை, நாலு தூண் கட்டில், முற்றத்துல ஒரு மரம். ஐந்நூறு ரூபாய் வித்தியாசத்துக்கு மண்டையை உடைச்சுக்க வேண்டாம், எது கிடைச்சாலும் சரிங்கறது என் கணக்கு. தப்புன்னா சொல்லுங்க.

மட்டாஞ்சேரி, 14 அக்டோபர்

தப்பு. முதலில் வித்தியாசமே ஐந்நூறு இல்லை. ஒரு நாள் வாடகை 7,500 வரைக்கும் ஜி.எஸ்.டி. வரி ஒன்று, அதைத் தாண்டினால் 18 சதவீதம். 7,400-க்கு 12 சதவீதம் போட்டால் 8,288. 7,900-க்கு 18 போட்டால் 9,322. ராத்திரிக்கு ஆயிரத்துக்கு மேல் இடைவெளி.

இரண்டாவது, எல்லாம் ஒன்றுபோல இருப்பது படத்தில்தான். பெரிய ஹோட்டலில் 204-ம் 304-ம் ஒரே அச்சு. இங்கே பத்து ரூம் இருந்தால் பத்துக்கும் பத்து ஜாதகம். ஒன்று வீட்டுக்காரர் படுத்த அறை, ஒன்று ஏலக்காய் மூட்டை அடுக்கின கிடங்கு, ஒன்று போன வருஷம் பின்கட்டில் சிமென்டில் எழுப்பினது. படத்தில் வருவது முதல் ரூம். குறைந்த விலைக்குக் கிடைப்பது பெரும்பாலும் மூன்றாவது.

அதனால் ஹோட்டலை விடுங்க, ரூமைப் பிடிங்க. போன் போட்டுக் கேளுங்க: எந்த ரூம், எந்த மாடி, ஜன்னல் எந்தப் பக்கம் திறக்கும். "வந்ததும் பார்த்துக்கலாம் சார்" என்று பதில் வந்தால் மூன்றாவது ரூம் என்று அர்த்தம்.

ஒலவக்கோடு, 15 அக்டோபர்

மட்டாஞ்சேரி அண்ணா சொன்ன 12 சதவீதம் பழைய பஞ்சாங்கம். செப்டம்பர் 22 முதல் 7,500 வரைக்கும் 5 சதவீதம்தான். 7,400-க்கு 7,770 ஆகும். 7,900-க்கு அதே 9,322. ஆக இடைவெளி ராத்திரிக்கு 1,552. ரெண்டு ராத்திரிக்கு 3,104.

இதோட விடாது. ஹோட்டலுக்குள்ளே இருக்கிற ரெஸ்டாரன்ட் வரியும் ரூம் விலையைப் பார்த்துத்தான் வரும். போன நிதியாண்டில் ஒரு ரூமாவது 7,500-க்கு மேல் விற்றிருந்தால், இந்த ஏப்ரலிலிருந்து அங்கே சாப்பாட்டுக்கும் 18. இல்லையென்றால் 5. மூவாயிரம் ரூபாய் டின்னருக்கு ஒரு இடத்தில் 150 வரி, இன்னொரு இடத்தில் 540. நீங்க 5,000 ரூபாய் ரூமில் இருந்தாலும், அதே ஹோட்டலில் கடல் பக்க ரூம் ஒன்று 9,000-க்குப் போனால் உங்க தோசைக்கும் 18-தான்.

மட்டாஞ்சேரி, 15 அக்டோபர்

குட்டு வாங்கிக்கொண்டேன். ஆனால் இந்தத் திருத்தத்தால் பேரம் இன்னும் சுலபமாகிறது. 7,900 சொல்கிற இடத்தில் "7,500-க்குத் தருவீங்களா" என்று கேளுங்க. அவர்களுக்கு 400 குறையும். உங்களுக்கு 9,322 போய் 7,875 ஆகும், 1,447 மிச்சம். வரி போடுவது பலகையில் எழுதின விலைக்கு இல்லை, உண்மையில் வாங்குகிற விலைக்கு. அதனால் இதில் கள்ளத்தனம் எதுவும் கிடையாது.

எல்லோரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். 5 சதவீதத்தில் விற்றால் ஹோட்டலுக்கு உள்ளீட்டு வரி (பொருள் வாங்கும்போது கட்டின வரி) திரும்பக் கிடைக்காது, கணக்கர் முகம் சுளிப்பார். ஆனால் சீசன் சூடு பிடிக்காத அக்டோபர் கடைசியில் கேட்டால் பாதி இடத்தில் நடக்கும். கேட்பதை நேரே போனில் கேளுங்க. முன்பதிவுத் தளங்கள் பதினைந்திலிருந்து இருபத்தைந்து சதவீதம் கமிஷன் எடுக்கின்றன, அந்த இடைவெளிக்குள்தான் பேரம் இருக்கிறது. விலையைக் குறைக்காத ஆளும் காலைச் சாப்பாடு, சீக்கிரம் ரூம், நல்ல பக்கத்து ரூம் என்று ஏதாவது ஒன்று தருவார்.

கூடுதல் கட்டிலை மறக்க வேண்டாம். நீங்க நாலு பேர். 7,400 ரூமில் 1,500-க்குக் கட்டில் போட்டால் வரியை எப்படிப் போடுவார்கள், மொத்தம் எவ்வளவு என்று ஒரே தொகையாக வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிவிடுங்க.

மட்டாஞ்சேரி, 16 அக்டோபர்

ஈரம். இதை முதலிலேயே சொல்லியிருக்கணும்.

ஃபோர்ட் கொச்சி பழைய கட்டடங்கள் வெட்டுக்கல்லில் ஒன்றரை அடி, இரண்டு அடி கனத்துக்குக் கட்டி, சுண்ணாம்பு பூசினவை. வெட்டுக்கல் பஞ்சு மாதிரி. அடியில் இருக்கிற ஈரத்தை உறிஞ்சி மேலே ஏற்றும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை மெல்ல வெளியே விடும், சுவர் மூச்சு விடும். ஹோட்டல் ஆக்கும்போது என்ன செய்கிறார்கள்? சுண்ணாம்பைச் சுரண்டி சிமென்ட் பூசி, மேலே பளபளவென்று எமல்ஷன் அடிக்கிறார்கள். வாய் அடைபட்ட ஈரம் இன்னும் மேலே ஏறி, இடுப்பளவில் உப்பாகப் பூக்கும். பெயின்ட் அப்பளம் மாதிரி எழும்பும். ஒவ்வொரு அக்டோபரிலும் சீசனுக்கு முன்னால் அதைச் சுரண்டித் திரும்ப அடிப்பார்கள். தரையிலிருந்து மூணடி உயரம் வரைக்கும் மட்டும் சுவர் புதுசாக மின்னினால் காரணம் அதுதான். பலகை ஒட்டி அழகு பண்ணியிருந்தாலும் பின்னால் கதை ஒன்றே.

மூக்குதான் கருவி. கதவைத் திறந்ததும் ஊதுவத்தி வாசனையோ, ரூம் ஸ்பிரே வாசனையோ தூக்கலாக அடித்தால் ஜன்னலைத் திறந்து, ஏ.சி.யை நிறுத்தி, கால்மணி கழித்து முகர்ந்து பாருங்க. அலமாரியைத் திறந்து உள்ளே மூக்கை விடுங்க. தலையணையின் அடிப்பக்கம். புழுங்கின வாசனை வந்தால் பெட்டியைத் திறக்காமல் வேறு ரூம் கேளுங்க. பெட்டியைப் பிரித்துத் துணியைத் தொங்கவிட்டவருக்கு யாரும் ரூம் மாற்றித் தர மாட்டார்கள்.

ஏ.சி.யை 18-ல் வைத்தால் ஈரம் போகும் என்று நினைப்பது தவறு. சில்லென்று ஆன சுவரில், கதவு திறக்கும்போதெல்லாம் உள்ளே வருகிற கடல் காற்று வேர்த்து நிற்கும். 25, 26-ல் வைத்து, உலர் முறை இருந்தால் அதைப் போடுங்க. பழைய மர ஜன்னல் இடுக்கு வழியாகக் குளிர் வெளியே போய்க்கொண்டேதான் இருக்கும். பதினாலு அடி உயரக் கூரைக்குக் கீழே ஒன்றரை டன் ஏ.சி.யால் முடிந்தது அவ்வளவுதான். மின்விசிறியும் சேர்த்துப் போடுங்க.

பாறசாலை, 16 அக்டோபர்

அப்போ பேசாம மாடி ரூம் போட்டிருங்க அண்ணாச்சி. ஈரமும் இல்ல, கொசுவும் கம்மி, காத்தும் வரும். இதுக்குப் போயி இவ்வளவு பெரிய ஆராய்ச்சியா?

மட்டாஞ்சேரி, 17 அக்டோபர்

முட்டுவலி இருக்கிற அம்மாவைக் கூட்டிக்கொண்டு மாடி ரூமா? பழைய மரப்படி எப்படி இருக்கும் தெரியுமா? இப்போதைய வீட்டில் ஒரு படி ஆறு, ஏழு அங்குலம். அந்தக் காலத்துப் படி எட்டு, ஒன்பது. கால் வைக்கிற பலகையும் குறுகல், பாதம் முழுக்க நிற்காது. கைப்பிடி ஒரு பக்கம்தான், அதுவும் பாதியில் முடியும். லிப்ட் பெரும்பாலும் இருக்காது. பழைய கட்டடத்தின் உருவத்தை மாற்ற அனுமதி கிடைப்பது கஷ்டம், மரத்தளத்தைக் குடைந்து லிப்ட் இறக்க இடமும் இல்லை.

மாடிக்கு நீங்க சொன்ன நல்லது எல்லாம் உண்டு. கெட்டதும் உண்டு. மார்ச் முதல் மே வரை ஓட்டுக் கூரை சூடு இறங்கும். ஓட்டுக்குக் கீழே மரத்தில் மச்சு அடித்திருந்தால் நடுவில் காற்று நின்று சூட்டைத் தடுக்கும். அழகுக்காக மச்சைப் பிரித்துவிட்டு ஓட்டை அப்படியே காட்டுகிற ரூம்கள்தான் படத்தில் அபாரமாக இருக்கும், ஏப்ரலில் அவியும். உங்க தேதிக்கு இது பிரச்சினை இல்லை.

மட்டாஞ்சேரி, 17 அக்டோபர், ராத்திரி

யோசித்துப் பார்த்தால் நேற்று நான் எழுதினதில் ஒரு கோணல் இருக்கிறது. ஈரம் என்று பயமுறுத்திவிட்டு, இன்று மாடியும் வேண்டாம் என்றால் அம்மா எங்கேதான் படுப்பது.

அம்மாவுக்குக் கீழ்ரூம்தான். ஆனால் எந்தக் கீழ்ரூம் என்று பார்க்கணும். வாசலில் ரோட்டைவிட உள்தரை எத்தனை படி உயரம்? இரண்டு, மூன்று படி ஏறிப் போகிற வீடு நல்லது. ரோட்டை ஒவ்வொரு முறையும் பழைய தார் மேலேயே புதுத் தார் போட்டு உயர்த்தி உயர்த்தி, சில வீடுகளில் உள்தரை ரோட்டுக்குக் கீழே போய்விட்டது. வாசலில் இறங்கி உள்ளே போகிற வீடு என்றால் வேண்டாம். அடுத்தது, ஜன்னல் இரண்டு சுவரில் இருக்கணும். ஒரே ஜன்னல், அதுவும் குறுகின சந்துப் பக்கம் பார்த்தது என்றால் காற்று நடமாடாது, ஈரம் அடையும்.

மேல் ரூமின் தரை மரப்பலகை என்றால் அங்கே நடக்கிற ஒவ்வொரு அடியும் கீழே தலைக்கு மேல் கேட்கும். மேலே என்ன இருக்கிறது என்று கேளுங்க. மேலே வராந்தாவோ படிக்கிற அறையோ என்றால் நிம்மதி.

பாத்ரூம் வாசலில் நாலு, ஆறு அங்குலத்துக்கு வாசற்படி எழுப்பியிருப்பார்கள். பழைய தளத்தை உடைக்காமல் குழாய் ஓட்டுவதற்காகத் தரையையே உயர்த்தினதால் வருவது. ராத்திரி எழுந்து போகிற வயசானவர்கள் தடுக்கி விழுகிற இடம் அது. படத்தில் தெரியவே தெரியாது. பாத்ரூம் வாசலை ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லிக் கேளுங்க. நாலு தூண் கட்டிலும் உயரம்தான், ஏறப் பலகை கேட்டால் தருவார்கள்.

கொழிஞ்சாம்பாறை, 18 அக்டோபர்

கேட்டுட்டேன். 7,400 இடத்துல போட்டோ அனுப்பினாங்க, வாசற்படி அஞ்சு அங்குலம் இருக்கும். 7,900-ல "பாத்ரூமை எதுக்குப் படம் எடுக்கறது"ன்னு சிரிச்சாங்க.

இன்னொண்ணு. மழைக்குளியல் ஷவர் பெருசா போட்டிருக்குன்னு ரெண்டு பேரும் பெருமையடிச்சாங்க. வெந்நீர் நிக்காதுன்னு யாரோ எங்கேயோ எழுதியிருந்தாங்க. உண்மையா?

ஒலவக்கோடு, 18 அக்டோபர்

உண்மைதான், கணக்கே போட்டுக் காட்டலாம். பழைய வீட்டு பாத்ரூமில் சின்ன ஹீட்டர்தான் தொங்கும், 15 லிட்டர், 2 கிலோவாட். கொச்சியில் குழாய்த் தண்ணியே 28 டிகிரி. அதை 58-க்கு ஏற்ற கால் மணி நேரம். உடம்புக்கு இதமான 40 டிகிரிக்குத் தண்ணி கலந்தால் 37 லிட்டர் சொச்சம், ரெண்டு பக்கெட். பக்கெட்டில் மொண்டு குளிச்சால் ரெண்டு பேர் தாராளமாகக் குளிக்கலாம். பெரிய மழை ஷவர் நிமிஷத்துக்கு 12 லிட்டர் கொட்டும். மூணே நிமிஷம். தலைக்கு ஷாம்பு போட்டு நிற்கும்போது பச்சைத்தண்ணி.

பக்கெட்டும் மக்கும் கேளுங்க. ஸ்டைல் ஹோட்டலில் அது பாத்ரூமில் இருக்காது, ஆனால் ஸ்டோரில் இருக்கும்.

மட்டாஞ்சேரி, 18 அக்டோபர்

தண்ணீர் பற்றி இரண்டு வரி. இந்தப் பக்கம் கிணறு தோண்டினால் உவர்ப்பு. குழாய்த் தண்ணீர் தட்டும்போது லாரித் தண்ணீர் வரும். கோடையில் சோப்பு நுரைக்கவில்லை என்றால் கிணற்றைத் தொட்டியோடு கலந்திருக்கிறார்கள்.

பாத்ரூமில் சாக்கடை நாற்றம் வந்தால் உடனே ரிசப்ஷனோடு சண்டைக்குப் போக வேண்டாம். தரை வடிகாலுக்கு அடியில் வளைகுழாயில் கொஞ்சம் தண்ணீர் நின்று வாசனையைத் தடுக்கும். ஒரு வாரம் யாரும் தங்காத ரூமில் அது வற்றிவிடும். இரண்டு மக்கு தண்ணீரை வடிகாலில் ஊற்றி, பத்து நிமிஷம் கதவைச் சாத்துங்க. போகும். போகவில்லை என்றால் வளைகுழாயே வைக்கவில்லை, ரூமை மாற்றுங்க.

பாறசாலை, 19 அக்டோபர்

சத்தத்தைப் பத்தி யாரும் வாயத் திறக்கல பாத்தியளா. அங்க ராத்திரி எல்லாம் கூத்துதானே?

மட்டாஞ்சேரி, 19 அக்டோபர்

கோவா மாதிரி கூத்து இல்லை. ஃபோர்ட் கொச்சி பத்தரைக்கெல்லாம் அடங்கும் ஊர். சத்தம் வருவது அதிகாலையில்: பாங்கு, பசிலிக்கா மணி, காக்கா, ஜங்கார் (வண்டி ஏற்றிப் போகிற படகு) ஹாரன். இதெல்லாம் ஊரோடு சேர்ந்தது, குறை சொல்ல முடியாது.

ஹோட்டல் தானே உண்டாக்குகிற சத்தத்தைத்தான் பார்க்கணும். முற்றத்து ரூம் அமைதி என்று விற்பார்கள். முற்றத்திலேயே ரெஸ்டாரன்ட் போட்டிருந்தால், நாலு பக்கச் சுவரும் சேர்ந்து ஒவ்வொரு ஸ்பூன் சத்தத்தையும் உங்க கட்டிலுக்கு அனுப்பும். ராத்திரி பதினொன்று வரைக்கும் தட்டு கழுவுகிற ஓசை, காலை ஆறரைக்கு ஜூஸ் மெஷின். சமயத்தில் தெரு பக்க ரூமே தேவலை. ஜெனரேட்டர் எங்கே இருக்கிறது என்றும் கேளுங்க.

மட்டாஞ்சேரி பஜார் ரோடு பக்கம் புதுசாக வந்திருக்கிற கிடங்கு ஹோட்டல்கள் வேறு ரகம். காலையில் லாரி வந்து நின்று மூட்டை இறங்கும். சுக்கும் மிளகும் மணக்கும். அது பிடித்தவர்கள் அங்கே போங்க, பிடிக்காதவர்கள் பர்கர் தெரு, ரோஸ் தெரு பக்கம்.

ஒலவக்கோடு, 20 அக்டோபர்

தேதியைக் கவனிச்சாரா கொழிஞ்சாம்பாறை? 31 வெள்ளி: மட்டாஞ்சேரி அரண்மனை வெள்ளிக்கிழமை மூடல். 1 சனி: யூதர் தெரு பரதேசி சினகாக் (யூதர் ஆலயம்) சனிக்கிழமை திறக்காது, வெள்ளியையும் நம்ப வேண்டாம். ரெண்டு நாளில் பார்க்க வேண்டிய ரெண்டு இடமும் அடைப்பு. அதுக்கு மேலே, எந்த மாசமும் ஒண்ணாம் தேதி கேரளம் முழுக்க மது கிடையாது. பார் இருக்கிற ஹோட்டலிலும் அன்னைக்கு பூட்டுதான். மச்சான் யாராவது கூட வந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்க.

ஒரு நாள் தள்ளி சனி ராத்திரியும் ஞாயிறு ராத்திரியும் போடலாம். ஞாயிறு ரெண்டு இடமும் திறந்திருக்கும், ஞாயிறு ராத்திரி விலையும் இறங்கும்.

கொழிஞ்சாம்பாறை, 20 அக்டோபர்

ஒலவக்கோடு அண்ணா, கும்பிடறேன். மாத்திட்டேன். திங்கள் பொண்ணுக்கு ஸ்கூல் லீவு போடணும், அது வீட்டுல பேசிக்கறேன். ஒலவக்கோட்டுல இருந்து ரயில்ல வந்தா எங்க இறங்கறது? கார்ல வந்தா பார்க்கிங்?

மட்டாஞ்சேரி, 21 அக்டோபர்

காரை விடுங்க. அந்தச் சந்துகளில் ஹோட்டலுக்கு எதிரே ஒரு வண்டி நின்றால் இன்னொன்று போகாது. பார்க்கிங் உண்டு என்றால் பெரும்பாலும் தெருமுனையில் காசு கொடுத்து நிறுத்துவது.

ரயில் என்றால் எர்ணாகுளம் நார்த்தில் இறங்கினாலும் சவுத்தில் இறங்கினாலும் ஆட்டோ பிடித்து ஹைகோர்ட் ஜெட்டி. அங்கிருந்து வாட்டர் மெட்ரோ ஃபோர்ட் கொச்சிக்கு, 40 ரூபாய் டிக்கெட், இருபது நிமிஷம். இந்த வழி 2024 ஏப்ரலில்தான் வந்தது. முட்டுவலிக்காரர்களுக்கு இதைவிட நல்ல வாகனம் இல்லை. மேடை தண்ணீரில் மிதக்கிறது, ஏற்றம் இறக்கம் எதுவானாலும் படகும் மேடையும் ஒரே மட்டம். சாதாரண சர்க்கார் படகு இதைவிட மிகவும் மலிவு, ஆனால் படிக்கட்டில் இறங்கி, ஆடுகிற விளிம்பைத் தாண்டணும். அம்மாவுக்கு அது வேண்டாம். சனி, ஞாயிறு சாயங்காலம் வரிசை நீளும், ஒரு படகில் நூறு பேர்தான்.

மட்டாஞ்சேரியில் வாட்டர் மெட்ரோ ஜெட்டி கட்டிக்கொண்டே இருக்கிறார்கள், அதனால் யூதர் தெருவுக்கு ஃபோர்ட் கொச்சியிலிருந்து ஆட்டோதான்.

ஒலவக்கோடு, 21 அக்டோபர்

மட்டாஞ்சேரிக்காரரே, உங்க ஊர் ஜெட்டி பத்து நாளைக்கு முன்னால் திறந்தாச்சு. அக்டோபர் 11.

மட்டாஞ்சேரி, 21 அக்டோபர்

இரண்டாவது குட்டு. வீட்டு வாசலில் நடந்ததே தெரியாத ஆளிடம் ஊரே யோசனை கேட்கிறது.

ஆட்டோ விஷயம் மட்டும் குட்டு இல்லாமல் சொல்கிறேன்: "நூறு ரூபாய்க்கு ஊர் முழுக்கச் சுற்றிக் காட்டறேன் சேட்டா" என்று வந்தால், நடுவில் இரண்டு மூன்று எம்போரியம் வாசலில் நிற்கும். வாங்காவிட்டாலும் பத்து நிமிஷம் உள்ளே நின்றால் ஓட்டுநருக்குக் கடைக்காரர் ஏதாவது தருவார். நேரம் இருந்தால் போங்க, ஏமாற்று என்று கோபப்பட வேண்டாம், கணக்கு தெரிந்திருந்தால் போதும்.

பாறசாலை, 23 அக்டோபர்

பூட்டிக்கு, ஹெரிட்டேஜு, ஹோம்ஸ்டே... எல்லாத்துக்கும் ஒரே வீட்டுப் படம்தான் போட்டிருக்கான். என்ன வித்தியாசம்?

மட்டாஞ்சேரி, 23 அக்டோபர்

பூட்டிக் என்று மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் தரப்பட்டியலில் ஒரு வகையே கிடையாது. யார் வேண்டுமானாலும் பலகையில் எழுதலாம். ஹெரிட்டேஜ் என்பதற்கு உண்டு: 1950-க்கு முன்னால் கட்டின கட்டடம், குறைந்தது ஐந்து ரூம் என்றால் அடிப்படைத் தரம். 1935-க்கு முன்னால், பதினைந்து ரூம் என்றால் அதற்கு மேல் தரம். சான்றிதழ் வாங்கினவர்கள் ரிசப்ஷன் சுவரில் மாட்டியிருப்பார்கள். மாட்டாதவர்களும் வீடு பழசு என்பதால் ஹெரிட்டேஜ் என்று எழுதுவார்கள், வீடு பழசுதான், பொய் இல்லை.

ஹோம்ஸ்டே என்றால் ஆறு ரூமுக்குள், வீட்டுக்காரர் அங்கேயே குடியிருக்கணும். உங்க அம்மா மாதிரி ஆளுக்கு நல்ல ஹோம்ஸ்டே, சுமாரான பூட்டிக்கைவிட மேல் என்று எனக்கு ஒரு எண்ணம் உண்டு. ராத்திரி இரண்டு மணிக்கு வெந்நீர் வேண்டும் என்றால் கதவைத் தட்ட ஒரு சேச்சி இருப்பார். பூட்டிக்கில் பத்து ரூமுக்கு ராத்திரி ஒரே பையன், அவனும் வாசலைப் பூட்டிக்கொண்டு தூங்குவான்.

அடையாளச் சீட்டு எல்லாப் பெரியவர்களுக்கும் கேட்பார்கள். பான் கார்டு எடுக்க மாட்டார்கள், அதில் விலாசம் இல்லை. ஆதார் என்றால் எண்ணை மறைத்த பிரதி போதும். வெளிநாட்டு பாஸ்போர்ட் வைத்திருக்கிற சொந்தக்காரர் கூட வந்தால் ஹோட்டல் 24 மணி நேரத்துக்குள் சி படிவம் ஏற்றணும். அந்த வசதி இல்லாத சின்ன இடங்கள் வாசலிலேயே கையை விரித்துவிடும், அதனால் முன்னாலேயே சொல்லுங்க.

கொழிஞ்சாம்பாறை, 25 அக்டோபர்

அம்மா கேக்கறாங்க, தயிர் கிடைக்குமான்னு.

ஒலவக்கோடு, 25 அக்டோபர்

இதுதான் இந்த இழையிலேயே முக்கியமான கேள்வி.

காலைச் சாப்பாடு சேர்த்தது என்றால் பில்லில் சி.பி. என்று இருக்கும். அது ரெண்டு பேருக்குத்தான், மூணாவது ஆளுக்கும் பொண்ணுக்கும் உண்டா என்று கேளுங்க. ஐந்து வயசு, ஆறு வயசு என்று ஒவ்வொரு இடத்தில் ஒவ்வொரு வரம்பு. கிடைப்பது அப்பம், ஸ்டூ, புட்டு, கடலை, பழம், முட்டை. இட்லி இருந்தால் அதிர்ஷ்டம். தயிர் கேட்டால் சின்னக் கிண்ணத்தில் தேன் விட்டுக் கொண்டுவந்து வைப்பார்கள். "தேன் வேண்டாம், உப்பு" என்று முன்கூட்டியே சொல்லணும்.

சைவத்துக்கு மட்டாஞ்சேரி குஜராத்தி ரோடு பக்கம் போகலாம். மீன் சாப்பிடுகிறவர்கள் சீனவலைக்குப் பக்கத்தில் வாங்கி, எதிரே சமைக்கக் கொடுக்கலாம். எடை போடும் முன்னே கிலோ விலை, கொடுக்கும் முன்னே சமையல் கூலி, ரெண்டையும் பேசி முடிக்கணும். மீன் சட்டிக்குப் போன பிறகு பேரம் கிடையாது.

மட்டாஞ்சேரி, 26 அக்டோபர்

துணி விஷயம் விட்டுப்போனது. ஹோட்டல் சலவைக்கு உருப்படிக் கணக்கில் காசு. வேலி என்கிற பகுதியில் தோபி கானா, அதாவது சலவைத்துறை, இருக்கிறது, ஆட்டோவில் பத்து நிமிஷம் கூட இல்லை. அங்கே துவைக்கிற குடும்பங்கள் தலைமுறைகளாகத் தமிழ் பேசுகிறவர்கள். அம்மா பேசிக்கொண்டே நின்றுவிடுவார், நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்க. கொடியைப் பாருங்க: கிளிப்பே கிடையாது, இரண்டு கயிற்றை முறுக்கி நடுவில் துணி முனையைச் செருகுவார்கள். கடல் காற்று எவ்வளவு அடித்தாலும் பறக்காது. கஞ்சி போட்டு இஸ்திரி போட்ட வேட்டி மடிப்பு ஹோட்டல் மெஷினில் வராது.

கொழிஞ்சாம்பாறை, 4 நவம்பர்

கணக்கு மட்டும். ரூம் 7,400, கட்டில் தனியா வேண்டாம்னு பொண்ணை எங்க கூடவே படுக்க வெச்சோம், அம்மாவுக்கு திவான் இருந்தது. வரியோட 7,770, ரெண்டு ராத்திரிக்கு 15,540. கீழ்ரூம், வாசல்ல ரெண்டு படி ஏறணும், ஜன்னல் ரெண்டு பக்கம். அலமாரி வாசனை சுமார். வடிகால்ல தண்ணி ஊத்தினது வேலை செஞ்சுது. பக்கெட் ஸ்டோர்ல இருந்துதான் வந்தது.

நீங்க யாரும் சொல்லாதது: பிளக் பாயின்ட் ஒண்ணே ஒண்ணு, அதுவும் டீ கெட்டிலுக்குப் பின்னாடி. எக்ஸ்டென்ஷன் கொண்டு போங்க.

பாறசாலை, 9 டிசம்பர்

புத்தாண்டுக்கு நம்ம கூட்டம் ஆறு பேரு கெளம்புது. இதே ஹோட்டல் 7,400-க்குக் கிடைக்குமா?

மட்டாஞ்சேரி, 9 டிசம்பர்

கிடைக்காது. டிசம்பர் 20-லிருந்து ஜனவரி 5 வரைக்கும் விலை தனி. இந்த வருஷம் 12-ம் தேதி பியனாலே கலைக் கண்காட்சியும் ஆரம்பிக்கிறது, மார்ச் 31 வரை. 24-க்கும் 31-க்கும் காலா டின்னர் என்று தலைக்கு ஒரு தொகை கட்டாயமாகச் சேர்ப்பார்கள், நீங்க வெளியே சாப்பிட்டாலும் சேர்த்துத்தான். முதலில் அதைக் கேளுங்க, பிறகு ரூம் விலை. ரத்து செய்தால் பணம் திரும்பாத முன்பதிவுதான் கிடைக்கும்.

31 ராத்திரி பாப்பாஞ்சி எரிப்பு, போகிற வருஷத்துக்குக் கிழவன் பொம்மை செய்து கொளுத்துவது. ஊரே அங்கே வந்துவிடும். மதியத்துக்கு மேல் வண்டி உள்ளே விட மாட்டார்கள், மதியத்துக்கு முன்னேயே பெட்டியோடு ரூமுக்குள் இருக்கணும். பரேடு மைதானத்தைப் பார்த்த ரூம் என்று விற்றால் அன்று மட்டும் அது வரம், தூங்க நினைக்கிறவருக்கு சாபம். மறுநாள் ஒண்ணாம் தேதி, ஞாபகம் இருக்கட்டும்.

ஒலவக்கோடு தம்பி அக்டோபரில் சொன்ன ரெஸ்டாரன்ட் வரி இப்போதுதான் கடிக்கும். டிசம்பரில் 12,000-க்கு ஒரு ரூம் விற்றால் போதும், அடுத்த ஏப்ரலிலிருந்து வருஷம் முழுக்க அங்கே சாப்பாட்டுக்கு 18. புத்தாண்டு விலையால் ஜூலை மாத அப்பமும் விலை ஏறுகிறது.

பாறசாலை, 9 டிசம்பர்

அப்போ நாங்க கோவளம் போறோம் அண்ணாச்சி.

மட்டாஞ்சேரி, 12 ஜனவரி 2026

தனியாக எழுதிக் கேட்டவர்களுக்கு இங்கேயே பதில். ஜனவரியில் பஜார் ரோடு, கல்வத்தி வாய்க்கால் ஓரம் கீழ்ரூம் போடலாமா? அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வேலியேற்றம், அதாவது கடல் ஓதம் ஏறுவது, வரும். கொச்சியில் ஏற்ற இறக்கமே ஒரு மீட்டருக்குள்தான், ஆனால் அந்த ஓரத்து ரோடு அதைவிடத் தாழ்வு. வாய்க்கால் வழியாகத் தண்ணீர் ரோட்டுக்கு ஏறி, கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அதுவாகவே போய்விடும். மழை இல்லாத வெயில் நாளில் வரும் என்பதால் வெளியூர்க்காரர்கள் குழாய் உடைந்தது என்று நினைப்பார்கள். 18-ம் தேதி அமாவாசை. அதற்கு முன்னும் பின்னும் இரண்டு மூன்று நாளைக்கு அந்தப் பக்கம் தங்குகிறவர்கள் மாடி ரூம் கேளுங்க. கீழ்ரூம்தான் என்றால் ராத்திரி செருப்பை வாசலுக்கு வெளியே விட வேண்டாம்.